இருமுறை சொன்ன கதைகள்: ஒரு தொகுதியின் வரலாறு

1837ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாஸ்டன் நகரில் பதினெட்டுக் கதைகளையும் சொற்சித்திரங்களையும் கொண்ட நூலொன்று வெளிவந்தது. விலை ஒரு டாலர். 'இருமுறை சொன்ன கதைகள்' என்பது அதன் பெயர். ஆசிரியர் நதானியேல் ஹாதார்ன். அதற்கு முன் எந்த நூலின் முகப்பிலும் அவர் பெயர் அச்சாகியதில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஹாதார்ன் 1804இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். (நம் சேலத்திற்கும் அதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு உறவில்லை.) கப்பல் தலைவராகிய தந்தை 1808இல் சூரினாமில் காய்ச்சலால் இறந்தார். மேய்ன் மாநிலத்துப் போடன் கல்லூரியில் பயின்று 1825இல் பட்டம் பெற்றார். கவிஞர் லாங்ஃபெல்லோவும் ஹொரேஷியோ பிரிட்ஜ் என்பவரும் அங்கே அவருடன் பயின்றவர்கள். பின்னர்த் தாயின் வீட்டிற்குத் திரும்பி, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுத்தே தொழிலாக ஒதுங்கி வாழ்ந்தார். 1828இல் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பெயரின்றி வெளியிட்ட 'ஃபேன்ஷா' என்னும் புதினம் அவருக்கே பிடிக்காமல் போயிற்று. கைக்கெட்டிய படிகளை அழித்துவிட்டார்.

அக்காலத்தில் கிறித்துமசு, புத்தாண்டுக் காலங்களில் அன்பளிப்பாக வழங்கப்பெறும் ஆண்டு மலர்கள் அமெரிக்காவில் பெருகியிருந்தன. நம் தீபாவளி மலர்களுக்கு ஒப்பிடத்தக்கவை அவை. அவற்றுள் ஒன்றான 'தி டோக்கன்' மலரை நடத்தியவர் சாமுவேல் குட்ரிச். அதிலும் சில இதழ்களிலும் ஹாதார்னின் கதைகள் பெயரின்றியே வந்தன. 1837ஆம் ஆண்டுக்குரிய மலரில் மட்டும் அவர் எழுதியவை எட்டு. அத்தனையும் ஒரு கையின் ஆக்கம் என்பதை வாசகர் அறிய வழியில்லை. எழுதியவன் யாரென்று தெரியாதபோது புகழும் யாரைச் சென்று சேரும்?

இந்த இடத்தில்தான் பிரிட்ஜின் பங்கு வருகிறது. நண்பரின் மனச்சோர்வைக் கண்ட அவர் 1836இல் குட்ரிச்சுக்கு எழுதினார். கதைகளைத் தொகுத்து வெளியிட்டால் நேரும் இழப்பை ஈடுசெய்ய 250 டாலர் வரை தாம் பொறுப்பேற்பதாக உறுதியளித்தார். இச்செய்தி ஹாதார்னுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பணம் தருவார் பலர். பெயரை மறைத்துத் தருவார் சிலரே.

நூல் வெளிவந்ததும் ஹாதார்ன் ஒரு படியை லாங்ஃபெல்லோவுக்கு அனுப்பினார். அவர் அவ்வாண்டு ஜூலை மாத 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ' இதழில் மனமுவந்து பாராட்டி எழுதினார். சில மாதங்களில் அறுநூறு படிகளுக்குமேல் விற்றன. ஆனால் அதே ஆண்டு மே மாதம் நியூயார்க் வங்கிகள் நாணயம் வழங்குவதை நிறுத்த, நாடெங்கும் பொருளாதார நெருக்கடி மூண்டது. நூலை வெளியிட்ட நிறுவனமும் அதில் வீழ்ந்தது. வயிற்றுப்பாட்டுக்காக ஹாதார்ன் 1839இல் பாஸ்டன் சுங்கச் சாவடியில் வேலைக்குச் சேர்ந்தார்.

தொகுதியில் இடம்பெற்றவற்றைக் காட்டிலும் விடுபட்டவை வியப்பூட்டுகின்றன. 'என் உறவினர் மேஜர் மோலினோ', 'ரோஜர் மால்வினின் அடக்கம்', 'யங் குட்மேன் பிரவுன்' ஆகிய மூன்றும் 1837க்கு முன்பே அச்சில் வந்தவை. இன்று அவருடைய தலைசிறந்த படைப்புகளாகத் திறனாய்வாளர் எண்ணுபவை. மூன்றையும் அவர் சேர்க்கவில்லை. ஊர்ப் பொதுக் குழாய் பேசுவதாக அமைந்த இலேசான கட்டுரைக்கோ இடமளித்தார். வாசகரின் சுவைக்கு அஞ்சினார் போலும். எனினும் 'வேக்ஃபீல்ட்' உள்ளே இருக்கிறது. இலண்டனில் மனைவியை விட்டு நீங்கி, அடுத்த தெருவிலேயே இருபது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து, ஒருநாள் இயல்பாக வீடு திரும்பும் மனிதனின் கதை அது. 1949இல் ஹாதார்னைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய போர்ஹெஸ் இக்கதையில் காஃப்காவின் முன்சாயலைக் கண்டார்.

'மென்மையான சிறுவன்' என்னும் கதைக்குப் பின்னால் குடும்பப் பழியொன்று உண்டு. குவேக்கர் சமயத்தாரைத் துன்புறுத்தியவர்களுள் ஒருவர் ஹாதார்னின் முன்னோரான வில்லியம் ஹாதார்ன். அவர் மகன் ஜான், 1692இல் சேலத்தில் சூனியக்காரர் எனப் பலரைக் குற்றஞ்சாட்டி நடந்த விசாரணைகளில் நீதிபதியாய் இருந்தவர். அந்த வழியில் வந்தவர் ஒரு குவேக்கர்ச் சிறுவனின் துயரத்தை எழுதினார். அக்கதை 1839இல் தனி நூலானபோது அதற்குப் படம் வரைந்தவர் சோஃபியா பீபாடி. 1842இல் ஹாதார்ன் மணந்துகொண்டவர் அவரே. அந்தத் தனிப்பதிப்பு 'மும்முறை சொன்ன கதை' என்றே பெயர் சூட்டிக்கொண்டது.

1842இல் தொகுதி விரிவடைந்து இரு பாகங்களாக வந்தது. இப்பதிப்பும் நன்கு விற்கவில்லை. ஆயினும் சிறுகதை வரலாற்றில் அது நிலைபெறக் காரணமானவர் எட்கர் ஆலன் போ. 'கிரகாம்ஸ்' இதழில் அவ்வாண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர் எழுதிய மதிப்புரைகளில் கதையின் இலக்கணம் உருப்பெற்றது. ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாய், முன்கூட்டியே தீர்மானித்த ஒற்றை உணர்வு விளைவை நோக்கி முதல் வாக்கியத்திலிருந்தே இயங்குவதாய்க் கதை அமைய வேண்டும் என்றார். தமிழில் சிறுகதையின் இலக்கணம் பேசும் நூல்கள் போவின் இக்கருத்தைத் தவறாது எடுத்தாளும். அது எந்த நூலின் மதிப்புரையில் பிறந்தது என்பதோ பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

போ பாராட்டியதோடு நிற்கவில்லை. 'ஹோவின் முகமூடி விருந்து' என்னும் கதை தம்முடைய 'வில்லியம் வில்சன்' கதையை ஒத்திருப்பதாகவும் குறை கூறினார். ஹாதார்னின் கதை 1838இலும் போவின் கதை 1839இலும் முதலில் வெளிவந்தவை. காலக்கணக்கைப் பாராமல் சாட்டிய குற்றம் அது.

1850இல் வந்த 'சிவப்பு எழுத்து' ஹாதார்னை நாடறியச் செய்தது. மறு ஆண்டு 'இருமுறை சொன்ன கதைகள்' புதிய முன்னுரையுடன் மீண்டும் அச்சேறிற்று. அவ்வாண்டின் இறுதியில் வந்த 'பனிப்பாவை' தொகுதியை அவர் பிரிட்ஜுக்குப் படைத்தார். தம் முதல் தொகுதி வெளிவந்தது நண்பரின் தலையீட்டால் என்பதையும், அதனைத் தாம் அன்று அறியாதிருந்ததையும் அக்காணிக்கை மடலில் வெளிப்படையாகக் குறித்தார். அந்நூலின் கடைசிக் கதை 'என் உறவினர் மேஜர் மோலினோ'.