எரியாத கரி: குட்டநாட்டு மண்ணும் அதன் பெயரும்

கேரளத்தின் குட்டநாட்டில், ஆலப்புழைக்குத் தெற்கே புறக்காட்டுப் பக்கத்திலும் வேம்பநாட்டுக் காயலின் கீழ்க்கரையில் வைக்கத்தைச் சுற்றியும், நெல்வயலைச் சற்று ஆழமாகத் தோண்டினால் மரம் தட்டுப்படுவதுண்டு. கறுத்து, நீரூறி, வெட்டினால் நார் தெரியும் அடிமரங்கள். இவை எப்படி வந்தன என்பதற்கு அப்பகுதியில் வழங்கும் கதை ஒன்று உண்டு. கண்ணனும் அர்ச்சுனனும் அக்கினிக்கு இரையாகக் கொடுத்த காண்டவ வனம் இதுவே. சுட்ட நாடு என்பதே குட்டநாடு ஆயிற்று. எரிந்து எஞ்சிய கரிதான் வயலுக்கு அடியில் கிடக்கிறது. இராமங்கரி, மித்ரக்கரி, கைனகரி என்று 'கரி'யில் முடியும் ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் காட்டுவர்.

மொழியியல் படித்தவர்களுக்கு இத்தகைய கதைகளைக் கலைப்பதில் ஒரு சிறுபிள்ளை மகிழ்ச்சி உண்டு. காண்டவம் யமுனைக் கரையிலிருந்தது என்பது பாரதத்தின் கூற்று. 'சுட்ட' என்பது 'குட்ட' ஆவதற்கும் ஒலிவழி இல்லை. திராவிட மொழிகளில் ககரம் சகரமாக மாறியதுண்டு. கன்னடத்தின் 'கிவி' தமிழில் 'செவி'. அம்மாற்றமும் இகர, எகரம் போன்ற முன்னுயிர்களின் முன்னரே நிகழும். உகரத்தின் முன் நிற்கும் சகரம் ககரமாகத் திரும்பியது என்பதற்கு ஆதாரம் எதையும் காட்ட இயலாது. குட்டம் என்றால் ஆழம், நீர்நிலை. பள்ளநீர் நாடு குட்டநாடு. அதனை ஆண்ட சேரன் குட்டுவன். கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உரையாசிரியர்கள் எண்ணியதும் இந்நாட்டையே. ஊர்ப்பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. 'கரி' என முடியும் ஊர்கள் மண் வரைபடத்தில் கரிநிலம் எனக் குறிக்கப்பட்ட எல்லைக்குள் அடங்குவதில்லை. ஊர்ப்பெயர்ப் பட்டியலை மண்ணாய்வு அறிக்கையாகப் படித்துவிடக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கதை கண்டது பெரும்பாலும் சரி. அங்கே காடு இருந்தது, அது அழிந்தது, அதன் கரிமம் மண்ணில் தங்கியது. அழித்தது நெருப்பு என்பது மட்டுமே பிழை. அழித்தது நீர்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறிவந்தது. கரையோரச் சதுப்புக் காடுகளும் அலையாத்திகளும் நீரில் மூழ்கின. அவற்றின்மீது ஆறுகள் வண்டலைக் கொட்டின. காற்றில் கிடக்கும் மரத்தைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் சில ஆண்டுகளில் தின்றுவிடும். அவை விரைந்து தின்ன ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீரினூடே ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே மூழ்கிய மரம் அரைகுறையாக மக்கிய நிலையிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்றுவிடுகிறது. அதனோடு சேர்ந்து புதைந்த மகரந்தத் துகள்களைக் கொண்டு அங்கு நின்றவை எவ்வகை மரங்கள் என்றும் சொல்ல முடிகிறது. கரி என்னும் சொல்லுக்குச் சாட்சி என்றொரு பழம்பொருள் உண்டு, திருக்குறளிலும் அது பயில்கிறது. அந்தக் கரி வேறு சொல்; எனினும் இந்த இடத்தில் அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இவ்வகை மண்ணைத்தான் உலகம் பீட் என்கிறது. தமிழ்க் கலைச்சொல்லாக 'முற்றா நிலக்கரி' வழங்குகிறது. எனக்கு இச்சொல்மேல் மனக்குறை உண்டு. நிலக்கரியை முடிவாக வைத்து, அதை எட்டாத ஒன்றாக இம்மண்ணை அது பெயரிடுகிறது. எரிபொருளைத் தேடுபவரின் பார்வை அது. உண்மையில் பீட் நிலங்கள் பூமியின் நிலப்பரப்பில் 3 முதல் 4 விழுக்காடே. ஆனால் உலக மண்ணில் உள்ள கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அவற்றில் இருக்கிறது. உலகக் காடுகள் அனைத்தும் தம் மரங்களில் வைத்திருப்பதைவிட இது மிகுதி. இதை 'முற்றாதது' என்பது பொருந்தவில்லை.

குட்டநாட்டு உழவர் வைத்த 'கரிநிலம்' இதனினும் நேரான பெயர். நம் கரிசலும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் கரிசலின் கறுப்பு கண்ணை ஏமாற்றுவது. அதன் கரிமம் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கரிநிலத்தின் சில அடுக்குகளில் அது 10 விழுக்காட்டையும் கடக்கும். கறுப்பைக் கண்டு கரி என்றவர்கள் ஓரிடத்தில் நிறத்தை மட்டும் சொன்னார்கள். மற்றோரிடத்தில், தாம் அறியாமலே, பொருளையும் சொல்லிவிட்டார்கள்.

இந்நிலத்தில் நெல் எப்படி வந்தது என்பது வேறொரு நெடிய வரலாறு. திருவிதாங்கூர் அரசின் 1865 பண்டாரப்பாட்டப் பிரகடனம் அரசுநிலக் குத்தகையாளர்களுக்கு உடைமையுரிமை தந்தபின், சதுப்பையும் காயலையும் வயலாக்கும் ஊக்கம் பெருகியது. கொச்சித் துறைமுகம் கெடும் என்ற அச்சத்தால் 1903இல் காயல் நிலமெடுப்பு தடுக்கப்பட்டது. சுமார் பத்தாண்டில் தடை நீங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசிப் பஞ்சம் அதற்கு மேலும் வேகம் கொடுத்தது. நூல்களில் நிலவுடைமையாளர்களின் பெயர்கள் உள்ளன. கழுத்தளவு நீரில் மூழ்கிக் களிமண் எடுத்து வரம்பு கட்டியவர்கள் பெரும்பாலும் புலையர் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய பெயர்கள் இல்லை.

காயல்நிலம் வசப்பட்ட அளவுக்குக் கரிநிலம் வசப்படவில்லை. கடல் வந்து போன சதுப்பு ஆகையால் அதில் பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகச் சேர்மம் நிறைந்திருக்கிறது. நீருக்கடியில் அது சாது. நீரை வடித்துக் காற்றுப்பட விட்டால் கந்தக அமிலமாக மாறும். உலர்ந்த மண்ணின் அமிலக் குறியீடு 3-ஐ ஒட்டி இறங்குவதுண்டு. இரும்பும் அலுமினியமும் கரைந்து வேரைக் கருக்கும். இதை அங்குள்ள உழவர்கள் 'புளியிளக்கம்' என்பர். உறங்கிய புளிப்பு கிளர்ந்தெழுகிறது என்பதைவிட இவ்வேதிவினையை எப்படிச் சுருங்கச் சொல்வது? மருந்தும் அவர்கள் அறிந்ததே: நீரைவிட்டு வடித்து, மீண்டும் விட்டு வடித்துக் கழுவுதல், நீறு இடுதல், அறுவடை முடிந்ததும் வரம்பைத் திறந்து மழைக்காலம் முழுவதும் வயலை வெள்ளத்துக்குக் கொடுத்துவிடுதல். மழை ஓய்ந்து நீரை இறைத்தபின் விதைக்கும் அந்தப் போகத்துக்குப் பெயர் 'புஞ்ச'. தமிழில் புஞ்சை வறண்ட நிலம். அங்கே அது நீர்ப்பள்ளத்தில் விளையும் நெல்.

அமிலத்தை அடக்கச் செய்த இந்த ஏற்பாடு கரிமத்தையும் காத்தது என்பதே நான் இங்கே சொல்ல வந்தது. புளியிளக்கும் அதே காற்று, பாதி மக்கிய மரத்தையும் மீண்டும் மக்கத் தொடங்கச் செய்யும். கரிமம் கரியமில வாயுவாக வெளியேறும். மண் சுருங்கித் தாழும். உலகெங்கும் வடிக்கப்பட்ட பீட் நிலங்கள் மனிதரால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காட்டை வெளியிடுகின்றன. குட்டநாட்டு வயல்கள் ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை கீழே உள்ளவை. 1955இல் தோட்டப்பள்ளி வடிகாலும் 1970களின் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணையும் வந்தன. உப்பு தடைப்பட்டது, இரண்டாம் போகத்துக்கு வழி பிறந்தது. வயல் நீரில் கிடக்கும் காலம் அதற்கேற்பக் குறைய வேண்டியிருந்தது.

வெள்ளத்தில் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. நீர் நின்ற வயல் மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். நிரந்தரமாக மூழ்கவிட்டால் நெல்லும் இல்லை, அதை நம்பிய கூலியும் இல்லை. ஐரோப்பியச் சதுப்புகளுக்கு எழுதிய 'மீண்டும் நனைத்தல்' பரிந்துரையை இங்கே அப்படியே கொண்டுவருவோர், ஆண்டின் ஒரு பாதி நீரும் மறுபாதி நெல்லுமாக வாழ்ந்த இந்நிலத்தை அறியாதவர்கள் என்பது என் கருத்து. அந்த நீர்ப்பாதிக்கு இன்றுவரை விலை இல்லை. கேரளத்தின் 2008 நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுக்கிறது. எத்தனை மாதம் நீர் நிற்க வேண்டும் என்பது அதன் கவலை அன்று.

உரப் பரிந்துரைக்காக உழவர் ஆய்வகத்துக்குக் கொடுக்கும் மண்மாதிரி, வழக்கப்படி மேல் 15 சென்டிமீட்டரிலிருந்து எடுப்பது. மரங்கள் கிடப்பது அதற்கும் கீழே.