மடக்கை அட்டவணையிலிருந்து நியம விலகல் பொத்தான் வரை



கதிரவெளியிலிருந்து வாழைச்சேனைக்குப் போய் கல்குலேட்டர் வாங்குமுன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் வாசியுங்கள்.

1614இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். பிரிக்ஸ் அதைப் பத்தின் அடியில் அட்டவணையாக்கினார். 300 வருடங்களுக்கு மேலாக பெரிய கணக்குகளுக்கு அதுதான் துணை. 1890களில் கார்ல் பியர்சன் 'நியம விலகல்' என்று பெயர் வைத்தபோதும் அதைக் கையால்தான் கணித்தார்கள். 1972இல் எச்பி-35 வந்தது, விலை 395 டொலர். மடக்கை இருந்தது, நியம விலகல் இல்லை. 1973இல் வந்த எச்பி-45இல் அதுவும் பொத்தானுக்குள் வந்துவிட்டது.

குழப்பமும் அதோடு வந்தது. 2, 4, 6 என்ற புள்ளிகளை எடுங்கள். இடை 4, விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8. அதை 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.63. 2ஆல் வகுத்தால் விடை 2. முழுக் குடித்தொகைக்கு முதலாவது. மாதிரியைக் கொண்டு குடித்தொகையை மதிப்பிட இரண்டாவது. இன்றைய கெசியோவில் 'சிக்மா எக்ஸ்', 'எஸ் எக்ஸ்' என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மாறி எடுத்தால் புள்ளி போய்விடும்.

ஆகவே விலை கூடியது தேவையில்லை. புரோகிராம் செய்ய முடியாத, இவ்விரண்டும் உள்ள விஞ்ஞானக் கல்குலேட்டர் போதும். உங்கள் பாடத்துக்கு அனுமதி உண்டா என்பதைப் பரீட்சை அறிவுறுத்தலில் முதலில் பாருங்கள். கடையிலேயே 2, 4, 6 போட்டு, எது 1.63 தருகிறது என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.