ஸ்மோங்கும் கடல்கோளும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மாமா குடும்பத்தோடு பினாங்குக் கடற்கரைக்குப் போயிருந்தார். மதியம் தூரத்தில், கடலுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்ததாம். "வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம்டா. அது என்னான்னே தெரியாது. பேரு தெரிஞ்சாத்தானே ஓடத் தோணும்?" என்பார். அவர் பிழைத்துக்கொண்டார். மலேசியாவில் அன்று 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில்.

சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 8:58க்கு. பினாங்கை அலை தொட்டபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நமக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் இருந்தது.

சுமத்ராவின் மேற்கே இருக்கும் சிமுலுவே தீவின் வடகரைக்குக் கிடைத்ததோ பத்து நிமிடம்தான். தீவில் சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. காரணம், 'ஸ்மோங்' என்ற ஒரு சொல். 1907இல் அங்கே வந்த பேரலை பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் வருவது ஸ்மோங், மலைக்கு ஓடு. 2004இல் ஓடினார்கள்.

ரொம்ப நாள் இந்தக் கதையோடு நின்றுவிட்டேன். அந்தத் தீவுகளில் இன்னொரு சாட்சியும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அது பவளம்.

ஆழமில்லாத கரையோரத்தில் வளரும் போரைட்டிஸ் என்ற பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். கடல் அதிகமாக வற்றும்போது இருக்கும் நீர்மட்டம்தான் அதற்கு உச்சவரம்பு. அதற்கு மேல் தலையை நீட்டினால் காய்ந்து செத்துவிடும். எனவே பக்கவாட்டில் மட்டும் பரந்து, தட்டையான வட்டக்கல்லாகிறது. இதை மைக்ரோஅட்டோல் என்கிறார்கள். நிலம் மெல்லத் தாழ்ந்தால் வெளிவிளிம்பு உயர்ந்து கிண்ணம்போல் ஆகும். நிலநடுக்கத்தில் நிலம் சட்டென்று உயர்ந்தால் மேற்பகுதி சாகும். நீருக்குள் மிஞ்சிய அடிப்பகுதி மட்டும் தொப்பி விளிம்புபோல் விரியும். மொத்தமாக நீரைவிட்டு வெளியே வந்தால் முழுக்கச் செத்துக் கல்லாகக் கிடக்கும். குறுக்கே அறுத்து எக்ஸ்ரே எடுத்தால், மரவளையம்போல ஆண்டுக்கோடுகள் தெரியும். யுரேனியம், தோரியம் அளவுகளிலிருந்து வயதையும் கணக்கிடலாம்.

கெர்ரி சீ, டேனி ஹில்மான் நாத்தாவிஜாயா ஆகியோரின் குழு சுமத்ராவின் மேற்குத் தீவுகளில் இந்தக் கற்களைப் படித்தது. மெந்தாவாய் தீவுகளில் 1797இலும் 1833இலும் நடந்த பெரும் நிலநடுக்கங்கள் கல்லில் பதிந்திருந்தன. அதற்கு முன் 14ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டிலும் அதேபோல். 700 ஆண்டு வரலாறு. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது என்றது கல்.

2004 ஜூலையிலேயே அவர்கள் மெந்தாவாய் கிராமங்களில் எச்சரிக்கைச் சுவரொட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஐந்து மாதத்தில் அலை வந்தது, ஆனால் வடக்கே. 2005 மார்ச்சில் நியாஸ் தீவின் மேற்குக்கரை சில இடங்களில் மூன்று மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. உயிருள்ள பவளங்கள் வெயிலில் கிடந்து செத்தன. 2007இல் மெந்தாவாயின் தெற்கே 8.4 அளவு நிலநடுக்கம். அதிலும் அழுத்தத்தின் ஒரு பகுதிதான் விடுபட்டது. சிபெருட் தீவின் அடியில் இன்னும் பாக்கி இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது நம்முடைய சொல்தான். நம்மிடமும் ஒன்று இருந்ததே, கடல்கோள்! சங்கங்களைக் கடல் கொண்டது என்கிறது இறையனார் களவியல் உரை. அந்தச் சொல்லை நான் கேட்டதெல்லாம் மேடையில். இழந்த பெருமையைச் சொல்லிக் கைதட்டு வாங்க அது உதவியது. கடல் பொங்கினால் என்ன செய்வது என்று யாரும் அதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. சிமுலுவேக்காரர்கள் இழப்பை ஒரு கட்டளையாக மாற்றி வைத்திருந்தார்கள்.

ஆனால் ஸ்மோங்குக்கு நூறு வயதுகூட ஆகியிருக்கவில்லை. இருநூறு ஆண்டு இடைவெளியை வாய்வழி நினைவு தாங்குமா? அங்கேதான் பவளம் வேண்டும். பவளத்துக்கோ வாய் இல்லை. அதற்கு ஒரு பாட்டி வேண்டும்.

அறுத்த பவளத்தின் எக்ஸ்ரே படத்தை மாமாவிடம் காட்டினேன். கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்தார். "இத்தன வருசமா எழுதி வச்சிருக்கு பாரு," என்றார்.

இப்போதெல்லாம் பேத்தியைக் கடற்கரைக்கு அழைத்துப் போனால், தண்ணீரில் இறங்க விடுவதற்கு முன் மேட்டுக்குப் போகும் வழியைக் காட்டிவிடுகிறார்.