மத்திய ஐரோப்பிய ராலி

மத்திய ஐரோப்பிய ராலி: ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் குடியரசு ஆகிய மூன்று அண்டை தேசங்களின் மோட்டார் சங்கங்கள் ஒன்றுகூடி நடத்தியதும், உலக ராலி சாம்பியன்ஷிப் வரிசையில் 2023 முதல் 2025 வரை ஒரு சுற்றாக விளங்கியதுமான தார்ச்சாலைப் பந்தயம்.

ராலியில் வண்டிகள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, போக்குவரத்து அடைக்கப்பட்ட பகுதிகளில் நேரத்தோடு போட்டியிட்டு, இடைப்பட்ட பொதுச்சாலைகளில் சாலை விதிகளுக்கு அடங்கிச் செல்வதே முறையாதலால், பந்தயப் பாதை ஒரே தேச எல்லைக்குள் ஒடுங்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. 1953-இல் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா மூன்றையும் இணைத்து, எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டித் தொடங்கிய சஃபாரி ராலி இதற்குப் பழைய உதாரணம்.

2023 அக்டோபரில் பிராக் நகரில் தொடங்கி, டான்யூப், இன், இல்ஸ் நதிகள் சங்கமிக்கும் பாசாவ் நகரத்தைக் கேந்திரமாகக் கொண்டு நடந்த மத்திய ஐரோப்பிய ராலியின் முதற் பந்தயத்தில், பெல்ஜியத்தின் தியரி நூவில் முதலிடம் பெற, ஃபின்லாந்தின் கல்லே ரோவன்பெரா தம் இரண்டாம் உலகப் பட்டத்தை உறுதிசெய்துகொண்டார்.

முன்சென்ற வண்டிகள் வளைவின் உள்விளிம்பைத் தேய்த்துக்கொண்டு திரும்புகையில் வாரி இறைக்கும் சேறு, இலையுதிர்கால ஈரத்தோடு கலந்து, பின்வருவோரின் சக்கரங்களை வழுக்கச் செய்வது இப்பந்தயத்தின் விசேஷமான சோதனையாக இருந்தது.