தேங்கிய வரிசைகள்: வீட்டு இணையம் தளர்ந்த ஒரு வரலாறு

வீட்டில் இணையம் மெதுவாகும்போது நாம் செய்வன பெரும்பாலும் ஒன்றே. ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குகிறோம். அதை வேறோர் அலமாரிக்கு மாற்றுகிறோம். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொள்கிறோம். இறுதியில் கூடுதல் கட்டணம் செலுத்தி அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறுகிறோம். அதன்பின்னும் மாலை வேளையில் ஒருவர் தம் கைப்பேசியிலிருந்து ஒரு காணொளியை மேலேற்றினால், அடுத்த அறையில் நடக்கும் இணைய வகுப்பு திக்கித் திணறுகிறது. இத்தளர்ச்சியின் காரணங்களுள் ஒன்றுக்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர். தமிழில் ‘தேக்க வீக்கம்’ எனலாம். அறிந்த ஓர் உண்மை மறக்கப்பட்டு, கால் நூற்றாண்டுக்குப்பின் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட கதை இது. தொழில்நுட்பத்தில் ஈடுபாடு இல்லாத வாசகரும் அறியத்தக்கது என்று எண்ணியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் சில அடிப்படைகள். இணையத்தில் செல்லும் எச்செய்தியும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கிறது. அகன்ற பாதை குறுகிய பாதையைச் சந்திக்கும் இடத்தில் பொட்டலங்கள் சற்றுக் காத்திருக்க நேரும். அவை காத்திருக்கும் நினைவகமே பஃபர். அது திருப்பதியில் பக்தர்கள் அமர்ந்திருக்கும் கூடங்களைப் போன்றது. திடீரென வரும் கூட்டத்தைத் தாங்கிக்கொள்ளக் கூடம் வேண்டும். ஆனால் கூடங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் காத்திருப்போர் தொகைதான் பெருகும். சந்நிதியைக் கடப்போர் தொகை பெருகாது.

1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு திடீரென நொடித்தது. இரண்டுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 400 கெஜம். வினாடிக்கு 32 ஆயிரம் பிட் சென்ற பாதையில் 40 பிட் மட்டுமே சென்றது. பாதை பழுதாகவில்லை. சென்று சேராத பொட்டலங்களைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்ப, அந்த மறு அனுப்புதலே நெரிசலைப் பெருக்கியது. இதனை ஆராய்ந்த வான் ஜேகப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து ஒரு தீர்வைக் கண்டார். 1988இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அதன் சாரம் எளியது. அனுப்பும் கணினி மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு பொட்டலம் தொலைந்துபோனால், பாதை நிரம்பிவிட்டது என்று உணர்ந்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றளவும் இணையத்தின் நெரிசல் கட்டுப்பாடு பெருமளவு இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பொட்டலம் தொலைவது இங்கே குற்றமன்று. அது ஓர் அறிவிப்பு. உரிய நேரத்தில் ஒரு பொட்டலம் கைவிடப்பட்டால்தான் அனுப்புவோர் அடங்குவர். அறிவிப்பு தாமதமானால் அடக்கமும் தாமதமாகும்.

இதற்கும் முன்பே ஓர் எச்சரிக்கை ஒலித்திருந்தது. ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகிள், 1985 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 970 என்னும் ஆவணத்தை எழுதினார். ஒரு பொட்டல மாற்றிக்கு எல்லையற்ற நினைவகம் கிடைத்தால் என்னவாகும் என்பதே அவர் எழுப்பிய வினா. நெரிசல் ஒழியும் என்றுதான் எவரும் எண்ணுவர். அவர் கண்ட விடை நேர்மாறானது. பொட்டலங்களுக்கு வாழ்நாள் உண்டு. முடிவின்றி நீளும் வரிசையில் அவை காத்திருந்தே காலாவதியாகும். இறுதியில் பயனுள்ள எதுவும் போய்ச் சேராது. ஒவ்வோர் அனுப்புநருக்கும் தனி வரிசை அமைத்து, முறைவைத்து ஒவ்வொரு பொட்டலமாக எடுப்பதே நியாயம் என்றும் அவர் பரிந்துரைத்தார். இந்த இரண்டாவது கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

1993இல் சாலி ஃபிளாய்டும் ஜேகப்சனும், வரிசை நிரம்பும் முன்னரே சில பொட்டலங்களைக் கைவிட்டு எச்சரிக்கும் ‘ரெட்’ என்னும் முறையை வெளியிட்டனர். 1998இல் இணையப் பொறியாளர்களின் ஆவணமொன்று அதனை எங்கும் கடைப்பிடிக்கப் பரிந்துரைத்தது. ஆனால் அம்முறையின் அளவுகளைச் சரியாக அமைப்பது எளிதாயில்லை. பல இடங்களில் அது இயக்கப்படாமலே கிடந்தது.

இதற்கிடையே நினைவகத்தின் விலை வீழ்ந்தது. மோடம்களிலும் ரவுட்டர்களிலும் தாராளமாக நினைவகம் சேர்க்கப்பட்டது. பொட்டலம் இழப்பது குறை, இழக்காமல் காப்பது சிறப்பு என்னும் எண்ணமும் பரவியிருந்தது. ஒரு கணக்கைப் பார்ப்போம். மேலேற்றும் வேகம் வினாடிக்கு ஒரு மெகாபிட் உள்ள வீட்டில், மோடத்தில் 256 கிலோபைட் தேக்கம் இருப்பதாகக் கொள்வோம். அது நிரம்பினால் காலியாக இரண்டு வினாடி ஆகும். அதன்பின் வரும் ஒவ்வொரு பொட்டலமும் அந்த இரண்டு வினாடியைக் காத்தே தீர வேண்டும். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கப் பலமுறை கேள்வியும் பதிலும் நிகழ வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வினாடி என்றால் அதனை இணையம் என்று எவர் சொல்வர்?

இக்குறை சில காலம் மறைந்திருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, இயல்பான அமைப்பில், ஓர் இணைப்பில் ஏறத்தாழ 64 கிலோபைட்டுக்கு மேல் வழியில் நிற்க விடுவதில்லை. ஆகவே ஓர் இணைப்பு மட்டுமே பெருந்தேக்கத்தை நிரப்புவது அரிதாயிருந்தது. பின்வந்த இயங்குதளங்கள் அந்த வரம்பைத் தாமே உயர்த்திக்கொண்டன. மறைந்திருந்த நோய் வெளிப்பட்டது.

2010இல் அதனைக் கண்டவர் ஜிம் கெட்டிஸ். எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியோருள் ஒருவர், எச்.டி.டி.பி. 1.1 வரையறையின் ஆசிரியர்களுள் ஒருவர். அப்போது பெல் லேப்ஸில் பணியாற்றியவர். அமெரிக்காவில் தம் வீட்டிலிருந்து பெருங்கோப்புகளை அனுப்பியபோது, சில மில்லி வினாடிகளாக இருக்க வேண்டிய தாமதம் ஒரு வினாடியையும் தாண்டியதைக் கண்டார். தடயங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, தேங்கிய வரிசையே காரணம் என்று தெளிந்தார். ஜேகப்சன் உள்ளிட்ட மூத்தோரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டார். பஃபர்ப்ளோட் என்னும் சொல்லும் அவர் படைத்ததே. பெயரில்லாத குறையைப் பற்றி எவரிடமும் முறையிட இயலாது. பெயர் வந்தபின்னரே முறையீடும் ஆய்வும் பெருகின.

2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேகப்சனும் ‘கோடெல்’ என்னும் முறையை வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி வினாடிக் காலம் முழுவதும் 5 மில்லி வினாடிக்குக் கீழே இறங்காவிட்டால், பொட்டலங்களைக் கைவிடத் தொடங்குகிறது. கணநேரக் கூட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும். நிலைத்த தேக்கத்தைப் பொறுக்காது. எரிக் டுமாசே இதனோடு தனித்தனி வரிசை என்னும் கருத்தை இணைத்து எஃப்க்யூ-கோடெல் என்னும் நிரலை ஆக்கினார். அதே ஆண்டு லினக்ஸ் 3.5 பதிப்பில் அது இடம்பெற்றது. நேகிள் 1985இல் சொன்ன நியாயம் இருபத்தேழு ஆண்டுகளுக்குப்பின் வீட்டு ரவுட்டருக்கு இவ்வாறு வந்துசேர்ந்தது.

இதனைப் பரப்பியவர்களுள் டேவ் டாட் குறிப்பிடத்தக்கவர். திறமூல ரவுட்டர் மென்பொருளான ஓப்பன்-டபிள்யூஆர்டியின்மேல் சோதனைப் பதிப்புகளை அமைத்துத் தன்னார்வலர்களோடு பல்லாண்டு உழைத்தார். 2018இல் இம்முறைகள் ஆர்.எஃப்.சி. ஆவணங்களாயின, ‘கேக்’ என்னும் வளர்ந்த வடிவமும் லினக்ஸில் சேர்ந்தது. 2025 ஏப்ரலில் டாட் மறைந்தார். காணொளி அழைப்பில் குரல் உடையாமல் பேசும் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

நம் வீட்டில் இக்குறை உண்டா என்று அறிவது எளிது. வீடு அமைதியாயிருக்கும் நேரத்தில், இயன்றால் ரவுட்டரோடு கம்பியால் இணைத்த கணினியில், பிங் கட்டளையை இயக்கித் தாமதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டே மீண்டும் பார்க்க வேண்டும். இருபது மில்லி வினாடி பல நூறாக உயர்ந்தால், தேக்கம் உறுதி. கம்பியில் உயராமல் வைஃபையில் மட்டும் உயர்ந்தால், வைஃபையின் அலையையும் சுவரையும் தொலைவையும் ஆராயலாம். ரவுட்டரை அணைத்து இயக்கியதும் சரியாவதுபோல் தோன்றுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். வரிசை கலைகிறது, இணைப்புகள் அறுகின்றன, கைப்பேசிகள் தம் படங்களை மீண்டும் மேலேற்றத் தொடங்கியதும் பழைய நிலையே திரும்புகிறது.

தேக்கம் உறுதியானால், இவ்வகை வரிசை மேலாண்மை உள்ள ரவுட்டரில் அதை இயக்கி, அளந்தறிந்த இணைப்பு வேகத்தைவிடச் சற்றுக் குறைவான அளவை அமைக்க வேண்டும். அப்போது வரிசை, நம் கைக்கு எட்டாத மோடத்தில் உருவாகாமல், நெறிப்படுத்தத் தெரிந்த ரவுட்டரில் உருவாகும். அதிக வேகத்தை விலைக்கு வாங்கிப் பழகிய நமக்கு, வேகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து விரைவைப் பெறுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அடுத்த மாதம் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுமுன், பிங் காட்டும் அந்த இரண்டு எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.