பாரசீகரின் வெள்ளிக் காசு

ஒரு பேரரசின் பெருமையை அதன் காசைக் கொண்டு அளக்கலாமா? இவ்வினா முன்னொருகால் எமது இலங்கைத் தீவின் அரசவையிலேயே எழுந்ததென்பர். கி. பி. 6ஆம் நூற்றாண்டில் நூலெழுதிய அலெக்சாந்திரியா நகரத்துக் கொஸ்மஸ் அச்செய்தியைக் கூறுகின்றார். உரோம வணிகனான சோபத்தன் என்பவனும் ஒரு பாரசீகனும் இலங்கை மன்னன்முன் நின்றனர். “உங்கள் வேந்தர் இருவருள் யார் பெரியவர்?” என மன்னன் வினவினான். இரு நாட்டுக் காசுகளையும் ஒப்புநோக்கும்படி சோபத்தன் வேண்டினான். உரோமர் காசு பொன். பாரசீகர் காசு வெள்ளி. மன்னன் பொன்னையே மெச்சினான்.

இதனைச் சொன்னவர் உரோமர் பக்கத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. தோற்ற காசின் வரலாற்றையும் கேட்டறிவதே நடுநிலைமையாகும்.

கி. பி. 224இல் முதலாம் அர்தசீர் சசானியப் பேரரசை நிறுவினான். அவன் வழிவந்தோர் வெளியிட்ட வெள்ளித் திரக்மா, மெல்லிய அகன்ற காசு. நிறை ஏறக்குறைய 4 கிராம். முகப்பில் முடியணிந்த மன்னன் உருவம். பின்புறத்தில் தீ எரியும் மேடை. மன்னர் பலரும் தத்தமக்கெனத் தனித்தனி முடி வகுத்துக்கொண்டமையால், எழுத்துத் தேய்ந்த காசையும் அறிஞர் இன்னாருடையதென இனங்காண்பர். அத்தீ சரதுஸ்திர சமயத்தின் புனிதத் தீ. அக்கினி சான்றாக மணவினை இயற்றும் எமக்கு அச்சின்னம் அயலதாகத் தோன்றாது.

இக்காசின் உண்மைப் பெருமை அதன் மாறாத்தன்மையிலே உள்ளது. கி. பி. 270ஐ அண்டிய காலத்தில், போர்ச் செலவால் நலிந்த உரோமரின் வெள்ளிக் காசிலே நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இல்லாதொழிந்தது. செம்பின்மேல் வெள்ளிப்பூச்சே எஞ்சியது. பாரசீகரோ நானூறு ஆண்டுகளாகத் தம் திரக்மாவின் நிறையையும் தூய்மையையும் பெரும்பாலும் காத்துவந்தனர். ஆதலின் அந்நியரும் அதனை நம்பினர். ஹூணர் அதன் சாயலிலே காசு அடித்தனர். 651இல் சசானிய அரசு அழிந்த பின்னரும், வென்ற அராபியர் இறந்த மன்னன் குஸ்ருவின் உருவையும் தீ மேடையையும் நீக்காது, ஓரத்தில் அரபுச் சொற்களை மட்டும் பொறித்து வழங்கினர். 698ஐ ஒட்டியே கலீபா அப்துல் மலிக் அவ்வுருவங்களை அகற்றினார். அப்போதும் திர்ஹம் என்னும் பெயரில் திரக்மாவின் பெயர் நிலைத்தது.

எமது மொழியிலே நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பொன்னின் ஒளி ஒருநாள் அவையை வென்றது. வெள்ளியின் நாணயம் அதனை அடித்த அரசையும் கடந்து வாழ்ந்தது.