கெர்னல் காலத்தை அளந்த வரலாறு

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னல் காலத்தைக் கணக்கிட்டு வந்த சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1953-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற வர்ணத் தொலைக்காட்சி முறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அம்முறையில் வர்ணத்தைச் சுமக்கும் அலைக்கு 3.579545 மெகாஹெர்ட்ஸ் என்று விதித்திருந்தார்கள். 1981-இல் ஐ.பி.எம். கம்பெனியார் தம் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, வீட்டுத் தொலைக்காட்சியிலேயே அது வர்ணப் படம் காட்ட வேண்டுமென்று கருதி, அந்த எண்ணின் நான்கு மடங்கான 14.31818 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஸ்படிகம் ஒன்றைப் பலகையில் பதித்து, அதன் அதிர்வை மூன்றால் வகுத்துப் பிராஸசருக்கும், பன்னிரண்டால் வகுத்து இன்டெல்லின் 8253 என்னும் டைமர் சிப்புக்கும் வழங்கினார்கள். அந்தச் சிப் 65,536 வரை எண்ணி முடிக்க ஏறத்தாழ 55 மில்லிசெகண்டு பிடித்தது. டாஸ் என்னும் இயங்குதளத்தின் கடிகாரம் செகண்டுக்கு 18.2 தடவை என்ற விசித்திரமான கணக்கில் ஓடியதற்கு வேறு காரணம் இல்லை.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கெர்னலைப் படைத்தபோது, அவ்வகைச் சிப்பையே செகண்டுக்கு நூறு இன்டரப்ட் (குறுக்கீட்டுச் சமிக்ஞை) அனுப்பும்படி அமைத்தார். ஒவ்வோர் இன்டரப்ட்டுக்கும் ‘ஜிஃபீஸ்’ என்னும் எண் ஒன்று கூடும். கெர்னலுக்கு அதுவே காலம். இந்த எளிமையில் ஒரு தோஷம் இருந்தது. கோயில் மணியடிப்பவர் கண்ணயர்ந்தால் ஊருக்கே பொழுது தவறுவதுபோல, வேறு காரியத்தில் இன்டரப்ட்டுகள் நெடுநேரம் அடைபட்டுக் கிடந்தால், இடையில் போன கணங்கள் கணக்கில் ஏறாமலே போயின. 2.6 பதிப்பில் நூறை ஆயிரமாக உயர்த்தியபோது தவறும் சந்தர்ப்பமும் பெருகியது; 2005-இல் வழக்கமான அளவை 250 ஆகக் குறைத்தார்கள்.

இதற்கிடையே, 1993-இன் பென்டியம் பிராஸசரில் டி.எஸ்.சி. என்னும் எண்ணி வந்து சேர்ந்தது. பிராஸசரின் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணுவதும், ஒரே கட்டளையில் படிக்கக் கூடியதுமான அது சர்வ உத்தமமான சாதனமாகத் தோன்றியது. ஆயினும் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்தால் அதன் ஓட்டமும் குறைந்தது, பல கோர்கள் உள்ள சில இயந்திரங்களிலோ ஒரு கோரின் எண்ணிக்கை மற்றதோடு ஒவ்வவில்லை. ஏ.சி.பி.ஐ. டைமர் என்னும் வேறொரு கடிகாரமோ நிதானமாக ஓடியது. அது அந்தப் பழைய 3.579545 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடியதென்பது கவனிக்கத்தக்கது. ஆனால் படிக்கத் தாமதமாகும்; சில சிப்செட்டுகளில் பிழையான எண்ணைத் தருமாதலால் கெர்னல் அதை மும்முறை படித்து ஒப்பிட்டே ஏற்றது. பின்னர் ஹெச்பெட் என்னும் இன்னொரு டைமர் வந்தது. அதுவும் படிப்பதற்கு மெதுவானதே.

ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தனித்தனியே எழுதப்பட்டுச் சிக்கலாகிவிட்ட நிரல்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஜான் ஸ்டல்ட்ஸ் மேற்கொண்டார். 2006-இல் 2.6.18 பதிப்பில் இடம்பெற்ற அவருடைய அமைப்பின்படி, டைமர்கள் யாவும் தம்மைப் பதிவு செய்துகொண்டு ஒரு தரத்தைப் பெறும், டி.எஸ்.சி.க்கு 300, ஹெச்பெட்டுக்கு 250, ஏ.சி.பி.ஐ. டைமருக்கு 200. மறு ஆண்டு தாமஸ் கிளெய்க்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் செய்த வேலையால், நேரத்தைப் படிக்கும் கருவி வேறு, குறித்த நேரத்தில் எழுப்பும் கருவி வேறு என்ற பாகுபாடு 2.6.21-இல் நிலைபெற்றது, வேலையற்ற பிராஸசரை வீணாக எழுப்பாமல் உறங்கவிடும் வழியும் அதனால் திறந்தது. இந்தப் பிரிவினையே இச்சரித்திரத்தின் பிரதான சாதனை என்பது என் அபிப்பிராயம்.

அதற்கடுத்தபடியாக நான் மதிப்பது இந்த அமைப்பிலுள்ள காவல் ஏற்பாட்டை. தரத்தில் முதலாவதான டி.எஸ்.சி.யை, அதனினும் மெதுவான கடிகாரம் ஒன்றோடு அரை செகண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டு, ஆரம்ப விதிப்படி செகண்டில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் கண்டால், அதை நம்பத்தகாததென்று விலக்கி அடுத்ததை அமர்த்திவிடும் பழக்கம் அது. லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்கள் ‘சிஸ்’ அடைவிலுள்ள ‘கிளாக்சோர்ஸ்’ பகுதியில் தம் இயந்திரம் எதை நம்பியிருக்கிறதென்று பார்க்கலாம். அங்கே ஹெச்பெட் என்று கண்டால், கெர்னலின் செய்திப் பதிவையும் புரட்டிப் பாருங்கள், டி.எஸ்.சி. தள்ளப்பட்டதற்கான காரணம் பெரும்பாலும் அதில் எழுதப்பட்டிருக்கும்.